காற்றைச் சக்கரத்தில் அடைத்த கால்நடை மருத்துவர்

மிதிவண்டி டயரின் பக்கவாட்டில் டன்லப் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருந்ததை நம் தோட்டப்புறப் பெரியோர் பலர் கண்டிருப்பர். அதனை ஒரு நிறுவனத்தின் பெயராகவே நாம் அறிந்துள்ளோம். உண்மையில் அஃது ஒரு மனிதரின் பெயர். அவர் பொறியாளர் அல்லர். தொழிற்சாலை முதலாளியாகப் பிறந்தவரும் அல்லர். குதிரைக்கும் மாட்டுக்கும் மருத்துவம் பார்த்து வாழ்ந்தவர். நம் முன்னோர் வெட்டிய பால்மரத்துக்கும் நம் பிள்ளைகள் ஓட்டும் மிதிவண்டிக்கும் இடையே பாலமாக நின்ற அவருடைய வாழ்க்கையை மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்துகொள்வது நலம் பயக்கும் எனக் கருதி இங்கே சுருக்கமாக எழுதுகிறோம்.

ஜான் பாய்டு டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் வட்டாரத்தில் டிரகார்ன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். உரிய காலத்துக்கு இரண்டு திங்கள் முன்னரே பிறந்த குழந்தை என்று பெற்றோர் அவரிடம் கூறியிருந்தனர். அதனால் தம் உடல் வலுவற்றது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றி, வாழ்நாள் முழுவதும் நீங்காதிருந்தது. ஆயினும் அவர் கல்வியில் பின்தங்கவில்லை. எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் பயின்று, அங்கேயே தொழிலும் தொடங்கினார்.

1867இல் அவர் கடல் கடந்து அயர்லாந்தில் குடியேறினார். 1871இல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்னும் மங்கையை மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். முதலில் டவுன்பேட்ரிக் என்னும் ஊரில் உடன்பிறந்தாரோடு சேர்ந்து மருத்துவம் பார்த்தவர், பின்னர்ப் பெல்பாஸ்ட் மாநகருக்குச் சென்றார். 1880களின் நடுவில் அவருடைய மருத்துவ நிலையம் அயர்லாந்தின் பெரிய கால்நடை மருத்துவ நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. நாற்பத்தைந்து வயதைக் கடந்து, தொழிலும் குடும்பமும் நிலைபெற்ற பின்னரே அவரைத் தேடிப் புகழ் வந்தது.

அக்காலத்தில் மிதிவண்டி வாங்க எண்ணியவர் பெருங்குழப்பத்துக்கு ஆளாயினர். முன்சக்கரம் ஆள் உயரத்துக்கும் பின்சக்கரம் மிகச் சிறியதாகவும் அமைந்த வண்டி ஒரு வகை. அதில் சங்கிலி இல்லை. மிதிகட்டை முன்சக்கரத்தின் நடுவிலேயே இருந்தது. ஒருமுறை மிதித்துச் சுற்றினால் சக்கரமும் ஒருமுறைதான் சுற்றும். ஆகவே, சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு விரைவு. தம் கால் எட்டும் அளவுக்குப் பெரிய சக்கரத்தை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்தனர். பெரிய சக்கரம் குழிகளை எளிதில் தாண்டிச் செல்லும். ஆனால் கல்லில் முட்டினால் ஓட்டுநர் தலைகுப்புற வீழ்வார்; உயிரிழந்தோரும் உண்டு.

1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட ரோவர் என்னும் வண்டியை வெளியிட்டார். இன்று நாம் ஓட்டும் மிதிவண்டியின் மூதாதை அதுவே. அது வீழ்த்தாத வண்டி. எனினும் சிறிய சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது. சக்கரத்தைச் சுற்றி இருந்ததோ உள்ளீடற்ற இடமில்லாத கெட்டி ரப்பர். அதனால் உடல் முழுவதும் அதிர்ந்தது. மென்மையாக ஓடுவது ஆபத்தான வண்டி. ஆபத்தில்லாதது எலும்பைக் குலுக்கும் வண்டி. இவ்விரண்டில் ஒன்றைத்தான் அன்றைய மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

டன்லப்பின் மகன் ஜானி மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டிவந்தான். பெல்பாஸ்ட் வீதிகளில் கருங்கற்கள் பாவப்பட்டிருந்தன. அக்கற்களின் மேல் ஓடிய வண்டி சிறுவனை ஓயாது குலுக்கியது. மகன் படும் துன்பத்தைத் தந்தை கண்டார். வேறு வண்டி வாங்கித் தருவதோடு அவர் நின்றுவிடவில்லை. குறை வண்டியில் இல்லை, சக்கரம் தரையைத் தொடும் இடத்திலேதான் உள்ளது என்பதை அவர் உணர்ந்தார்.

1887இல் அவர் தம் வீட்டு முற்றத்தில் ஒரு சோதனை நிகழ்த்தினார். வட்டமான மரத்தட்டு ஒன்றைச் செய்தார். மெல்லிய ரப்பர்த் தாளால் குழாய் அமைத்து, அதில் காற்றை அடைத்து, துணியால் போர்த்தித் தட்டின் விளிம்பில் பொருத்தினார். பிறகு, மகனுடைய வண்டியின் சக்கரத்தையும் தாம் செய்த தட்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டி ரப்பர்ச் சக்கரம் பாதி வழியிலேயே சாய்ந்து வீழ்ந்தது. காற்று நிறைந்த தட்டோ முற்றத்தின் கோடிவரை ஓடி, அங்கே மோதித் திரும்பி வந்தது. மென்மையானது மெதுவாகவே செல்லும் என்று உலகம் எண்ணியிருந்தது. மென்மையும் விரைவும் ஒருங்கே அமையும் என்பதை அந்த முற்றம் மெய்ப்பித்தது.

இதன் காரணத்தை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கெட்டியான சக்கரம் ஒரு கல்லின் மீது ஏறும்போது வண்டியும் ஆளும் சேர்ந்தே மேலே தூக்கப்படுகின்றனர். முன்னே செல்ல வேண்டிய ஆற்றல் மேலே எழும்புவதில் வீணாகிறது. காற்றடைத்த சக்கரமோ கல் பட்ட இடத்தில் மட்டும் அமுங்கிக் கொடுத்து, கடந்தவுடன் பழைய வடிவத்தை அடைகிறது. வண்டி தன் போக்கில் நேராகச் செல்கிறது.

1888ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிட்டியது. அடுத்த ஆண்டு மே 18ஆம் நாள் பெல்பாஸ்டில் குயின்ஸ் கல்லூரியின் விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. வில்லி ஹியூம் என்பவர் தடித்த காற்று டயர் பூட்டிய மிதிவண்டியுடன் களத்தில் இறங்கினார். அதன் பருமனைக் கண்டு பலர் நகைத்தனர். நான்கு மிதிவண்டிப் பந்தயங்களிலும் அவரே வென்றபோது நகைப்பு அடங்கியது. தோற்றவர்களுள் ஹார்வி டு குரோ என்னும் செல்வரின் மைந்தரும் இருந்தனர். தம் மைந்தரை வென்றது மனிதனின் கால் மட்டுமன்று, சக்கரத்திலிருந்த காற்றும்தான் என்பதை அச்செல்வர் கண்டுகொண்டார். 1889இல் டப்ளின் நகரில் டயர் நிறுவனம் ஒன்றை அமைத்தார். டன்லப் தம் உரிமையைக் கொடுத்துப் பங்குகள் சில பெற்றார்.

இந்நிலையில் எதிர்பாராத இடி ஒன்று வீழ்ந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது தெரியவந்தது. குதிரை வண்டிகளுக்கென அவர் செய்த அச்சக்கரம் வழக்கில் நிலைக்காமல் மறக்கப்பட்டிருந்தது. டன்லப் பிறரைப் பார்த்துச் செய்தவர் அல்லர், தாமே கண்டறிந்தவர். ஆயினும் சட்டத்தின் முன் அவருடைய உரிமை செல்லாததாயிற்று. சக்கரத்திலிருந்து எளிதில் கழற்றிப் பஞ்சர் ஒட்டத்தக்க டயரை வேறு அறிஞர்கள் உருவாக்கினர். நிறுவனம் அவர்களுடைய உரிமைகளை வாங்கி நிலைத்து நின்றது.

டன்லப் 1890களின் நடுவில் நிறுவனத்தை விட்டு விலகினார். 1896இல் அந்நிறுவனம் 30 இலட்சம் பவுனுக்கு விலைபோனது. அப்பெருஞ்செல்வம் அவருக்குக் கிட்டவில்லை. பிற்காலத்தில் அவர் பெயரையே நிறுவனம் சூட்டிக்கொண்டது. பெயர் உலகெங்கும் உருண்டோடியது. பெயருக்குரியவரோ டப்ளினில் அமைதியாக வாழ்ந்து, 1921ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் தம் 81ஆம் வயதில் மறைந்தார். உடல் வலுவற்றவர் எனத் தம்மையே கருதியிருந்த அவர், அதுவரை கடும் நோய் கண்டதில்லை.

இவ்வரலாறு நம் மண்ணையும் தொடுகிறது. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. டன்லப் காப்புரிமை பெற்ற அதே 1888இல் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை அவர் வகுத்தார். மிதிவண்டிக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் காற்று டயர் தேவைப்பட்டதால் ரப்பரின் தேவை பெருகியது. காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்து ஊர்களிலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். விடியுமுன் விளக்கொளியில் நிரைக்குச் சென்று, மங்குகளில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்தவர்கள் அவர்கள். டயரில் ஒருவர் பெயர் பொறிக்கப்பட்டது; அதற்குப் பால் தந்த கைகளின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. அக்கைகளின் பேரப்பிள்ளைகளாகிய நாம் அதனை மறத்தல் தகாது.

டன்லப்பின் வாழ்க்கை மிதிவண்டி வாங்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம் கற்பிக்கிறது. கடையில் மின்னும் வண்ணத்தை அவர் பார்த்திருக்கமாட்டார். ஓட்டுபவர் யார், ஓடும் பாதை எது, ஏற்றும் சுமை எவ்வளவு என்பனவற்றையே முதலில் நோக்கியிருப்பார். நம் புக்கிட் பெருந்துங் வட்டாரத்தில் தார்ச்சாலையும் உண்டு. செம்பனைக்கிடையே செல்லும் செம்மண் பாதையும் உண்டு. தார்ச்சாலையில் நெடுந்தொலைவு செல்பவருக்கு மெலிந்த, நன்கு காற்றடைத்த டயர் உகந்தது. செம்மண்ணிலும் சரளைக்கல்லிலும் ஓட்டுபவருக்கு அகன்ற, ஆழ்ந்த வரிகளுள்ள டயர் வேண்டும். அதில் காற்றைச் சற்றுக் குறைத்தே அடைக்கலாம். எவ்வளவு அடைக்கலாம் என்பதன் எல்லை டயரின் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். சுமை ஏற்றுபவர் பின்சக்கரத்தின் கம்பிகளும் சுமைதாங்கியும் வலுவாயிருத்தலைப் பார்க்க வேண்டும். மேட்டுப் பாதையில் செல்பவருக்குப் பல்சக்கரம் மாற்றும் வசதி காலின் களைப்பைக் குறைக்கும்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது, வளர்ந்தபின் பொருந்தட்டும் என்று பெரிய வண்டியை வாங்குவது நம்மிடையே காணும் வழக்கம். பணத்தை மிச்சப்படுத்தும் நல்லெண்ணமே அதற்குக் காரணம் என்றாலும் அவ்வழக்கம் தீங்கானது. இருக்கையில் அமர்ந்த சிறுவனின் கால் நுனி தரையைத் தொட வேண்டும். விரல்கள் பிரேக்கை எட்டிப் பிடிக்க வேண்டும். எட்டாத உயரத்திலிருந்து வீழ்ந்து வருந்தியவர்களின் துன்பத்தை நீக்கவே பாதுகாப்பான மிதிவண்டி பிறந்தது. நம் பிள்ளைகளை மீண்டும் அந்த உயரத்தில் ஏற்றுதல் முறையாகுமா?

மாணவச் செல்வங்களே! பிறர் துன்பத்தைக் கூர்ந்து நோக்குபவரிடமே புதுமை பிறக்கிறது. ஒரு சிறுவன் குலுங்கியதைக் கண்ட தந்தையின் கண், உலகத்தின் சக்கரங்களையெல்லாம் மென்மையாக்கியது. நாளை பள்ளிக்குப் புறப்படுமுன் உங்கள் மிதிவண்டியின் டயரை விரலால் அழுத்திப் பாருங்கள். அதனுள் இருக்கும் காற்றில் டன்லப்பின் அறிவு இருக்கிறது. அக்காற்றைத் தாங்கும் ரப்பரின் வரலாற்றில் உங்கள் பாட்டன் பாட்டியரின் உழைப்பு இருக்கிறது. இரண்டையும் நன்றியோடு நினைந்து, கவனமாக ஓட்டிச் செல்லுங்கள்.