ஆசிரியர் சரித்திரம் எழுதிய மாணாக்கர்

நம் புள்ளலூரின் பெயர் காசாக்குடிச் செப்பேட்டில் உள்ளது. மகேந்திரவர்மன் இவ்விடத்தில் பகைவரை வென்றான் என்பதோடு அச்செய்தி முடிந்துவிடுகிறது. அரசரின் வெற்றிக்குச் செம்பு கிடைத்தது. ஏட்டில் பாடி மறைந்த புலவர் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அக்குறையை ஒரு புலவரளவிலேனும் நீக்கியவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள்.

1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்த ஐயரவர்கள், 1871இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்தார். உடனிருந்தது ஐந்தாண்டுக்குள்தான். அதன் பின் கும்பகோணம் கல்லூரி வேலை, சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று ஏடு தேடிய பெருவாழ்வு. அவ்வரலாறு யாவரும் அறிந்தது.

ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் கழித்து, 1933, 1934ஆம் ஆண்டுகளில் அவர் சரித்திரம் இரு பாகங்களாக வெளிவந்தது. அப்போது ஐயரவர்களுக்கு எண்பதை எட்டும் வயது. ஆங்கில நாட்டில் ஜான்சன் மறைந்த ஏழாண்டுக்குள் போஸ்வெல் அவர் வாழ்க்கையை எழுதி முடித்தார். கேட்டவற்றை அவ்வப்போது குறித்தும் வைத்திருந்தார். ஐயரவர்களோ பிள்ளையவர்களின் கடைசி ஐந்தாண்டுகளை மட்டுமே கண்ணாற் கண்டவர். 1815இல் தொடங்கிய முந்தைய ஐம்பத்தைந்து ஆண்டுகளையும் மூத்த மாணாக்கரிடமும் பழகியவரிடமும் கேட்டுக் கேட்டே சேர்க்க வேண்டியிருந்தது. கடிதங்களும் தனிப்பாடல்களும் சிறப்புப் பாயிரங்களும் அவருக்குச் சான்றாயின. ஒரு தலபுராணம் யார் வேண்ட எழுந்தது, எங்கே அரங்கேறியது என்று பின்தொடர்ந்தால் புலவர் அக்காலத்தில் எவ்வூரில் இருந்தார் என்பது தெரிந்துவிடும். ஏடு பார்த்துப் பாடம் தேர்ந்த கண்ணே இங்கும் வேலை செய்தது.

பக்தியால் எழுதப்பட்ட நூலாயினும் அதில் பிள்ளையவர்களின் வறுமை மறைக்கப்படவில்லை. வந்த பொருள் கையில் நில்லாமை, மாணாக்கருக்குச் சோறிட்டமை, மகன் கலியாணத்தால் கடன் பெருகியமை யாவும் தெரிய வருகின்றன. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரத்திற்குச் சிறப்புப் பாயிரம் தர, அதிலுள்ள இலக்கணப் பிழைகளைக் கருதிப் பிள்ளையவர்கள் முதலில் தயங்கியதையும், பின் பாரதியார் பாடக் கேட்டு உருகி அளித்ததையும் ஐயரவர்கள் பதிவு செய்தார். பாரதியாருக்கும் தனியே ஒரு சரித்திரம் எழுதியவர் அவர்.

ஆயினும் ஆசிரியரின் கல்வி எல்லையைப் பற்றி அச்சரித்திரத்தில் குறை கூறத் துணியவில்லை. அதனை அறியத் தம் வாழ்க்கையை எழுதிய என் சரித்திரத்தைத்தான் திறக்க வேண்டும். 1880 அக்டோபர் 21ஆம் நாள் சேலம் இராமசுவாமி முதலியார், தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைகளின் பட்டியலைக் கேட்டும் சற்றும் வியவாமல் சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவிய நிகழ்ச்சியை அதில் ஒளிவின்றி எழுதினார். ஆசிரியர் கற்பித்தது போதாது என்று அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. தம் தலைகுனிவைச் சொன்னார், அதுவே சொல்லிவிட்டது. இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர்க்கே பிள்ளையவர்கள் முழுமையாகக் கிடைப்பார் என்பது என் துணிபு.

கவிஞராகிய நமக்கு இதில் உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. பிள்ளையவர்கள் பாடிய செய்யுட்கள் பல்லாயிரம். இன்று அவற்றைப் படிப்போர் மிகச் சிலர். அவரை நாம் அறிவதெல்லாம் மாணாக்கரின் உரைநடையால்.

என் சரித்திரம் 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. போர்க்காலத்தில் சென்னையை விட்டு, நம் ஊரைப் போலவே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருக்கழுக்குன்றத்திற்கு வந்த ஐயரவர்கள், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கே காலமானார். சரித்திரம் மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய ஆண்டுகளோடு நின்றுவிட்டது. எஞ்சிய வாழ்க்கையை என் ஆசிரியப்பிரான் என்னும் நூலாக எழுதியவர் அவர் மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன்.