முள் பொய் சொல்லக் கூடாது: எட்வர்ட் வெஸ்டன்

எட்வர்ட் வெஸ்டன் 1850-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். படிச்சது மருத்துவம், மனசு போனது கரண்ட் பக்கம். 1870-ல் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறி, முலாம் பூசும் தொழிலில் சேர்ந்தார். 1888-ல் நியூவார்க்கில் மீட்டர் கம்பெனி தொடங்கினார்.

அப்போ மீட்டர்களில் ஒரு தலைவலி: சூடேறினால் கம்பியின் மின்தடை கூடும், அளவு தப்பும். செம்பு, மாங்கனீசு, நிக்கல் கலந்து மாங்கனின் செய்தார். சூடானாலும் அதன் மின்தடை அவ்வளவாக மாறாது. அவருடைய மின்கலம் 1911-ல் வோல்ட்டுக்கே உலகத் தரமாச்சு. அதன் காப்புரிமையையும் விட்டுக்கொடுத்தார். 1936-ல் மறைந்தார்.

பழைய அம்மீட்டரைத் திறந்து ரேஞ்ச் மாத்தப் போறீங்களா? மாங்கனின் ஷன்ட்டுக்குப் பதிலா செம்புக் கம்பி வைக்காதீங்க. முள் நகரும், ஆனா அது காட்டுறதை நம்ப முடியாது.