குழந்தை விளையாட்டுக்கு அஞ்சிய ஸர்க்கார்

ஆயுதமேந்திய கலகக்காரரைக் கண்டு அரசாங்கங்கள் அஞ்சுவது சரித்திரத்தில் புதிதன்று. ஆனால், மரக்கட்டைகளை அடுக்கி விளையாடும் நான்கு வயதுக் குழந்தைகளைக் கண்டு ஒரு வல்லரசு அஞ்சிற்று என்றால், அதை நம்புவது அரிது. 1851-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி பிரஷ்ய ஸர்க்கார் பிறப்பித்த உத்தரவு அத்தகையதே. பிரெடரிக் பிரோபெல் என்ற கிழவரின் முறைப்படி நடந்துவந்த குழந்தைப் பள்ளிகள் பிரஷ்யாவில் கூடாதென அது தடை விதித்தது. இன்று நம் ஊர்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்ற எழுத்துக்களைப் பலகைதோறும் காண்கிறோம். அவற்றிலுள்ள பின்னிரண்டு எழுத்துக்கள் அக்கிழவர் சூட்டிய பெயரின் சுருக்கமேயாகும். பெயர் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. கருத்தும் வந்து சேர்ந்ததா என்பதே நாம் ஆராயவேண்டிய விஷயம்.

பிரோபெல் 1782-ல், ஜெர்மனியின் துரிங்கியா மலைநாட்டில், ஓபர்வைஸ்பாக் என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். குழந்தைக்கு ஒரு வயது நிறையுமுன்னரே தாயார் காலமானார். தந்தைக்கோ சபைக் காரியங்களே ஓயவில்லை. மாற்றாந்தாயின் அன்பும் நீடிக்கவில்லை. பத்தாவது வயதில் மாமன் வீடு சென்ற பின்னரே, மற்றச் சிறுவரோடு கவலையின்றி ஓடியாடும் பாக்கியம் அச்சிறுவனுக்குக் கிட்டியது. தாம் இழந்ததை உலகத்துக் குழந்தைகளுக்குத் தேடித்தர முயன்றதே அவருடைய பிற்கால வாழ்வு எனில் மிகையாகாது.

வாலிபத்தில் அவர் பல தொழில்களை முயன்றார். வன அதிகாரி ஒருவரிடம் வேலை பயின்றார், நிலம் அளந்தார், ஜீனா சர்வகலாசாலையில் படிக்கையில் கடனைத் தீர்க்க வழியின்றிச் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். கட்டடக் கலை பயில 1805-ல் பிராங்க்பர்ட் நகரம் சென்றவர், அங்கே எதிர்பாராத விதமாக உபாத்தியாயரானார். பின்னர் ஸ்விட்ஜர்லாந்தில் பெஸ்டலாஸி என்னும் பெரியார் நடத்திய பள்ளியில் 1808 முதல் 1810 வரை தங்கி, அம்முறைகளை நேரில் கண்டறிந்தார். 1813-ல் நெப்போலியனை எதிர்த்து எழுந்த தொண்டர் படையில் சேர்ந்தார். அப்படையில் வாய்த்த நண்பர்களான லாங்கெதாலும் மிட்டன்டார்பும் பின்னர் அவருடைய பள்ளிக்குத் தூண்களாயினர். தம் சகோதரரின் பிள்ளைகளைக் கொண்டு 1816-ல் ஆரம்பித்த பள்ளி, மறு வருஷம் கைல்ஹாவ் கிராமத்துக்கு மாறிற்று. மனிதனின் கல்வியைப் பற்றிய அவருடைய முக்கிய நூல் 1826-ல் வெளிவந்தது.

பள்ளிக்கு வரும் வயதுக்கு முன்னரே குழந்தையின் மனம் உருவாகத் தொடங்குகிறது என்பதை அனுபவத்தில் கண்ட பிரோபெல், 1837-ல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் இளங்குழந்தைகளின் விளையாட்டுக்கென ஒரு ஸ்தாபனம் நிறுவினார். 1840-ல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற நாமத்தைச் சூட்டினார். குழந்தை செடி, ஆசிரியர் தோட்டக்காரர். செடியை இழுத்து வளர்க்க முடியாது. மண்ணும் நீரும் ஒளியும் தரலாம் என்பதே அப்பெயரின் தாத்பரியம்.

அவர் தந்த விளையாட்டுப் பொருள்கள் மிக எளியவை. நூலால் பின்னிய ஆறு வண்ணப் பந்துகள். மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். எட்டுச் சிறு துண்டுகளாகப் பிரியும் மற்றொரு கனசதுரம். அவ்வெட்டுக் கட்டைகளே ஒரு கணம் நாற்காலி, மறுகணம் பெஞ்சு. தாய்மார்களுக்காக 1844-ல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில் தச்சன், ரொட்டி சுடுவோன், கரி மூட்டுவோன், வணிகன் ஆகியோரைக் குழந்தை தன் விரல்களாலேயே நடித்துக் காட்ட வழி செய்தார். ஊர் வாழ்வை விளையாட்டின் வழியே குழந்தை அறிந்துகொள்ளும் என்பது அவர் துணிபு. பிற்காலத்து ஆசிரியர்கள் அவ்வழியே மேலும் நடந்து, வகுப்பின் ஒரு மூலையில் விளையாட்டுக் கடையையே அமைத்துக் கொடுக்கலாயினர்.

இத்தகைய விளையாட்டில் ராஜத்துரோகம் எங்கிருந்து வந்தது? 1848-ம் வருஷத்துப் புரட்சியை அடக்கிய அதிகாரவர்க்கம் எதிலும் சூழ்ச்சியையே கண்டது. பிரோபெலின் தமையன் மகனான கார்ல் பிரோபெல் வெளியிட்ட ஒரு பிரசுரத்தைப் பெரியவருடைய இயக்கத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு, குழந்தைப் பள்ளிகள் நாஸ்திகத்தையும் சமதர்மத்தையும் பரப்புவதாகக் கல்வி மந்திரி ராமர் குற்றஞ்சாட்டினார். ஆள் மாறாட்டத்தைப் பிரோபெல் எடுத்துக் காட்டியும் பயனில்லை. தடை நீங்குவதைக் காணாமலே, 1852-ம் வருஷம் ஜூன் மாதம் 21-ந் தேதி, எழுபதாவது வயதில் அவர் காலமானார். 1860-ல்தான் உத்தரவு ரத்தாயிற்று. அதற்குள் அவருடைய மாணவியர் அம்முறையைக் கடல் கடந்து கொண்டு சென்றிருந்தனர். அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் 1856-லேயே மார்கரெட் ஷுர்ஸ் அம்மையார் ஒரு கிண்டர்கார்டன் தொடங்கிவிட்டார்.

பிரோபெலிடம் குறையே இல்லை என நாம் வாதிக்கவில்லை. கட்டைகளை இன்ன வரிசையில்தான் அடுக்கவேண்டும் என்ற நியமம் அவர் முறையிலேயே இருந்தது. சீடர்கள் சிலர் அதை இறுக்கி, விளையாட்டையே பாடமாக்கிவிட்டனர். ஆனால், நம்மவர் செய்திருப்பது அதனினும் கொடிது. அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, வீட்டுப் பாடமும் கொடுத்து அனுப்புகிறோம். பிரஷ்ய ஸர்க்கார் விளையாட்டை உத்தரவு போட்டுத் தடுத்தது. நாமோ உத்தரவின்றியே தடுத்து வருகிறோம்.

மாற்றுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 1975-ல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடிகள் ஊர்தோறும் உள்ளன. ஆறு வயதுக்குட்பட்டோர்க்கு முன்பருவக் கல்வி தருவதும் அவற்றின் கடமை. அங்கே ஒரு மூலையில் பலகை ஒன்றைப் போடுங்கள். கொட்டாங்கச்சி இரண்டைக் கயிற்றால் கோலில் கட்டினால் தராசு, காலி அட்டைப் பெட்டிகளே சரக்கு, இலைகளே நாணயம். புளியங்கொட்டை போன்ற சிறு விதைகளை வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளிடம் அவற்றைக் கொடாதிருத்தல் நலம். ஒருவன் விற்கட்டும், ஒருத்தி வாங்கட்டும். நாழிகை கழித்து மாறிக்கொள்ளட்டும். எண்ணுவது, நிறுப்பது, பேரம் பேசுவது, முறைக்குக் காத்திருப்பது, கொடுத்த வார்த்தையைக் காப்பது ஆகிய அனைத்தும் அச்சிறு கடையில் பழக்கமாகும். ஆசிரியை அருகிலிருந்து வாடிக்கைக்காரராக வந்து ஒரு கேள்வி கேட்டால் போதும். கடையைத் தாமே நடத்தலாகாது.

பொதுக்காரியத்தில் ஈடுபட்டிருக்கும் அன்பர்கள் இதைக் குழந்தை விஷயமென்று ஒதுக்கலாகாது. சரிசமமாகக் கொடுத்து வாங்கவும், தோற்றாலும் ஆட்டத்தைக் கலைக்காதிருக்கவும் பழகியவர்களே நாளைய பிரஜைகள். பிரஷ்ய அதிகாரிகள் அஞ்சியது தவறான காரணத்துக்காகவே எனினும், தாமாக யோசித்து விளையாடும் குழந்தைகளுக்கு வலிமை உண்டு என்ற அளவில் அவர்கள் கணக்குப் பிசகவில்லை.