ஓயாத எழுதுகோல்

ஹென்றி டேவிட் தோரோ அமெரிக்காவின் கான்கார்டு ஊரில் பிறந்தவர். 1837இல் பட்டம் பெற்று, அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியரானார். மாணவர்களை அடித்துத் திருத்துமாறு பள்ளிக் குழு வற்புறுத்தியது. அதனை விரும்பாத தோரோ, சில வாரங்களிலேயே பணியிலிருந்து விலகினார். வேறு வேலை எளிதில் கிடைக்கவில்லை. ஆயினும், அவ்வாண்டு அக்டோபரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார்.

பிற்பகல்தோறும் அவர் காட்டு வழியே நெடுந்தூரம் நடப்பார். பூ மலர்வதையும் பறவை கூவுவதையும் மனம் ஒன்றிக் கவனித்துக் குறிப்பெடுப்பார். பின்னர், அவற்றை விரித்து எழுதுவார்.

1849இல் வெளிவந்த அவருடைய முதல் நூலின் 1,000 படிகளில் 706 விற்காமல் அவரிடமே திரும்பின. எனினும், அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. நாட்குறிப்புகளின் துணையோடு உருவான ‘வால்டன்’ 1854இல் வெளிவந்தது. 1862இல் தமது 44ஆம் வயதில் தோரோ மறைந்தார். அந்நூல் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது.