பல் மருத்துவத் தந்தை பியேர் போஷார்

பாகூரைச் சார்ந்த சிற்றூர்களிலே பல்வலியால் வருந்துவாரை வினவினால், பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்றே விடை பகர்வர். கண்டங்கத்திரி விதையைத் தணலிலிட்டு, அப்புகையை வாயில் ஏற்று அப்பூச்சியை வெளியேற்றுதல் நம் பாட்டிமார் கையாண்ட வைத்தியம். இந்நம்பிக்கை நமக்கே உரியதன்று. பண்டைப் பாபிலோன் முதல் பாரிஸ் மாநகர் வரை பரவியிருந்த ஒன்றே. அதனைத் தம் கண்ணாற் சோதித்து ஏற்க மறுத்த பெரியார், நம் புதுச்சேரியைப் பன்னெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சு நாட்டிலே தோன்றிய பியேர் போஷார் ஆவர்.

அவர் 1678-ஆம் ஆண்டளவில் பிறந்தார். பதினைந்து வயதிலேயே கடற்படையிற் சேர்ந்து, பொத்தலெரே என்னும் இரண வைத்தியரிடம் தொழில் பயின்றார். அக்காலத்து மாலுமிகள் பசுங்காயும் கனியுமின்றித் திங்கட்கணக்காகக் கடலில் உழன்றனர். ஆதலின், அவர்தம் ஈறுகள் வீங்கிக் குருதி கசிந்தன. பற்கள் ஆட்டங்கண்டு உதிர்ந்தன. இத்துயரை நாடோறும் கண்ட இளைஞர், வாய்நோய்களை ஆராய்வதே தம் வாழ்நாட் பணியெனத் துணிந்தார். பின்னர் ஆஞ்சே நகரில் பல்லாண்டு தொழில் நடத்திப் பாரிஸ் சேர்ந்தார்.

அந்நாளில் பல் பிடுங்குதல் சந்தை வித்தையாகவே நடந்தது. பாரிஸிலுள்ள புதுப்பாலத்தின்மீது கூட்டங்கூட்டிப் பிடுங்குவோர் பலர். நோயாளியைத் தரையிலிருத்தி, அவன் தலையைத் தம் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொள்வர்! போஷார் அவனை நாற்காலியில் அமர்த்தினார். இதனினும் பெருங்கேடு ஒன்றுண்டு. கைதேர்ந்தோர் தம் முறைகளைப் பிறரறியாது மறைத்தனர். அவர் மாண்டால் கலையும் உடன் மாண்டது. நம் வைத்திய நூலாரும் மருந்துகளைப் பரிபாஷையில் மறைத்தமையை நாம் அறிவோமன்றோ? போஷார் தம் பிழைப்புக்கு முதலாயிருந்த இரகசியங்களையெல்லாம் ஏட்டில் எழுதிவைத்தார். 1723-இல் முடிவுற்ற அந்நூல், 1728-இல் இரு பாகங்களாக அச்சேறியது. அவர் செய்தவற்றுள் இதுவே தலையாயது என்பேன்.

சொத்தைப் பல்லினின்று சுரண்டியெடுத்ததைப் பூதக்கண்ணாடியிலிட்டு நோக்கியும் புழுவை அவர் கண்டாரில்லை. சர்க்கரையும் இனிப்புப் பண்டங்களுமே பல்லை அரிப்பன என்று எச்சரித்தார். சொத்தையைச் சுரண்டி ஈயம், வெள்ளீயம், பொன் இவற்றால் அடைத்தார். குழந்தையின் பாற்பல் முதல் கிழவரின் பொக்கைவாய் வரை அந்நூலில் இடம்பெற்றன. கோணிய பல்லை உலோகத் தகட்டில் நூலாற் கட்டி நேராக்கினார். ஆடும் பற்களைப் பொற்கம்பியாற் பிணித்தார். முதியோர்க்கு வில் பொருத்திய பொய்ப்பற்கள் செய்தளித்தார். பல்லடியிற் படியும் காரையைச் சுரண்டுதற்குத் தனிக் கருவிகள் அமைத்தார். 1746-இல் வந்த இரண்டாம் பதிப்பிலே, உடல் நலமுற்றிருப்போர்க்கும் ஈறு சீழ்கொண்டு பற்கள் கழலும் நோயை விரித்துரைத்தார். வலியின்றியே வளரும் அந்நோயால் நடுவயதில் நல்ல பற்களை இழப்போர் நம் ஊர்களிலும் பலர்.

அவர் கூறியன யாவும் கொள்ளத்தக்கன அல்ல. காலையிற் கழிக்கும் தம் சிறுநீரால் வாய் கொப்பளிக்குமாறு விதித்தார். அதனை அவருக்கே விட்டுவிடுவோம். செங்கற்பொடியாலும் கரித்தூளாலும் பல்லைத் தேய்த்து மேற்பூச்சைக் கெடுத்துக்கொள்ளும் நாம் அவரை நகைத்தற்கும் உரியோமல்லோம்.

வில்லியனூரும் பாகூரும் 1749-ஐ ஒட்டிப் பிரெஞ்சுக்காரர் வசமாயின. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நாட்குறிப்பு வரைந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் அத்திங்களிலேயே மறைந்தார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் போஷார் பாரிஸிற் காலமானார். அவர் நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1733-லேயே வெளிவந்துவிட்டது. ஆங்கிலத்திற்கோ 1946 வரை காத்திருக்க நேர்ந்தது. அதனைப் பெயர்த்தவர் 1895-இல் பிரிட்டனில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாகிய லிலியன் லின்சே அம்மையார்.