புளோவர் பெண்ட்லியும் டிம் பர்கினும்

மகிழுந்தின் இயந்திரத்திற்குள் காற்றை வலிந்து திணித்தால் வேகம் கூடும் என்பது நம் இளைஞர்கள் பலருக்கும் தெரிந்த செய்திதான். விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில் நான்கு பேர் கூடினால் போதும், டர்போ பற்றிய பேச்சு தானாக வந்துவிடும். எந்தப் பட்டறையில் பொருத்தலாம், எவ்வளவு செலவாகும், எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கணக்குகள் பறக்கும். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே ஆசைக்காகத் தம் செல்வத்தையெல்லாம் செலவழித்த ஒருவரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? இங்கிலாந்தைச் சேர்ந்த சர் ஹென்றி பர்கின்தான் அவர். டிம் பர்கின் என்றால்தான் பந்தய உலகத்திற்குத் தெரியும்.

பர்கின் 1896ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் நோட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் பின்னல் துணி உற்பத்தியில் பெரும் பொருள் ஈட்டிய குடும்பம். முதலாம் உலகப் போரின்போது அரச வான்படையில் சேர்ந்து பாலஸ்தீனத்தில் பணியாற்றினார். அங்கே அவரைப் பற்றிய மலேரியா காய்ச்சல் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. உருவத்தில் சிறியவர், பேசும்போது திக்குவாய் உண்டு. ஆனால், கழுத்தில் புள்ளி போட்ட நீலத் துணியைக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துவிட்டால் அவர் வேறு மனிதர். 1921இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓட்டத் தொடங்கியவர், சில ஆண்டுகள் விலகியிருந்து 1927இல் மீண்டும் களம் இறங்கினார். அதே ஆண்டு, மோட்டார் சைக்கிள் பந்தயத்திற்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த அவருடைய தம்பி ஆர்ச்சி விபத்தில் இறந்துபோனார். அந்தத் துயரமும் பர்கினைப் பந்தயத்திலிருந்து பிரிக்கவில்லை.

1928ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டயர் வெடித்து மூன்று மணி நேரத்திற்கும் மேல் இழந்தும் பர்கினும் அவருடைய கூட்டாளி சஸான்யும் ஐந்தாவதாக வந்தனர். மறு ஆண்டு, உல்ஃப் பர்னாட்டோவுடன் சேர்ந்து பெண்ட்லி ஸ்பீட் சிக்ஸ் மகிழுந்தில் அதே பந்தயத்தை வென்றார். அந்த ஆண்டு முதல் நான்கு இடங்களும் பெண்ட்லிக்கே கிடைத்தன. இந்த வெற்றிக்குப் பிறகும் பர்கின் மனநிறைவு அடையவில்லை. மெர்சிடிஸ், ஆல்ஃபா ரோமியோ போன்ற நிறுவனங்கள் காற்றழுத்தம் பெற்ற இயந்திரங்களோடு வரும்போது நாமும் அவ்வழியே செல்ல வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

இங்கே சற்று அறிவியலைப் பார்ப்போம். எரிபொருள் எரியக் காற்று வேண்டும். சாதாரண இயந்திரம் தன்னால் உறிஞ்ச முடிந்த காற்றை மட்டுமே உள்ளிழுக்கும். அதே கொள்ளளவுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பினால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், ஆற்றலும் கூடும். இயந்திரத்தின் சுழல்தண்டே காற்றழுத்தியைச் சுழற்றினால் அது சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் விசை சுழற்றினால் அது டர்போ. எப்படிச் செய்தாலும் இதற்கு ஒரு விலை உண்டு. அழுத்தப்பட்ட காற்று சூடேறும். எரிபொருள் நேரம் தவறி வெடிக்கத் தொடங்கினால் பிஸ்டன் பாழாகும். சுழல்தண்டு, தாங்கிகள், குளிர்விக்கும் அமைப்பு, எண்ணெய் ஓட்டம் எல்லாம் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். எரிபொருளும் தண்ணீராய்ச் செலவாகும்.

பெண்ட்லி நிறுவனத்தைத் தோற்றுவித்த டபிள்யூ.ஓ. பெண்ட்லி இந்த விலையை நன்கு உணர்ந்தவர். கூடுதல் ஆற்றல் வேண்டுமா? இயந்திரத்தின் கொள்ளளவைப் பெருக்கு என்பதே அவருடைய கொள்கை. அதன்படிதான் ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ் உருவானது. காற்றழுத்தி தம் இயந்திரத்தின் வடிவத்தையும் செயலையும் கெடுத்துவிடும் என்று அவர் கடைசி வரை நம்பினார். பர்கினோ விடவில்லை. அம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளரைக் கொண்டு காற்றழுத்தியை வடிவமைத்தார். வெல்வின் நகரில் சொந்தப் பட்டறை அமைத்தார். தம் பணம் கரைந்தபோது, குதிரைப் பந்தயத்தில் புகழ்பெற்ற செல்வச் சீமாட்டி டோரதி பேஜட்டின் ஆதரவைப் பெற்றார்.

லெ மானில் இந்த வண்டி ஓட வேண்டுமானால், அதே வகையில் 50 மகிழுந்துகள் பொதுமக்களின் சாலைப் பயன்பாட்டிற்காகச் செய்யப்பட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. நிறுவனத்தின் தலைவராக இருந்த பர்னாட்டோ அதற்கு ஒப்புதல் அளித்தார். தம் பெயர் தாங்கிய நிறுவனத்திலேயே தம் விருப்பத்திற்கு மாறாக ஒன்று நடப்பதைப் பெண்ட்லி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. நாலரை லிட்டர் இயந்திரம் சாதாரண நிலையில் 110 குதிரைத்திறன் தந்தது. காற்றழுத்தி பொருத்திய சாலை வண்டி 175 தந்தது. பந்தய வண்டி 240ஐத் தொட்டது. காற்றழுத்தி வண்டியின் மூக்குப் பகுதியில், ரேடியேட்டருக்கும் முன்னால், பெரிய பெட்டிபோல் துருத்திக்கொண்டு நின்றது. இதுவே புளோவர் பெண்ட்லி. முன்பக்க எடை கூடியதால் வளைவுகளில் வண்டியைத் திருப்ப ஓட்டுநரின் தோள்கள் நன்றாக உழைக்க வேண்டியிருந்தது.

1930ஆம் ஆண்டு ஜூன் மாதம் லெ மானில் பெரும் சோதனை வந்தது. ஜெர்மனியின் ருடால்ஃப் கராச்சியோலா காற்றழுத்தி பொருத்திய மெர்சிடிஸில் முன்னே பறந்தார். பர்கின் விரட்டினார். நேர்ச்சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், சக்கரங்கள் புல்தரையில் உரச, மெர்சிடிஸைக் கடந்து சென்றார். டயரின் மேற்பரப்பு கிழிந்து பறந்தது. அப்படியும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. இரவில் மெர்சிடிஸ் பழுதாகி நின்றது. மறுநாள் புளோவர் பெண்ட்லிகள் இரண்டும் நின்றுபோயின. வென்றது யார்? காற்றழுத்தி இல்லாத ஸ்பீட் சிக்ஸ்! பெண்ட்லியின் கொள்கை வென்றது. ஆயினும், மெர்சிடிஸைக் களைப்படையச் செய்தது பர்கினின் துரத்தல்தான் என்று கூறுவோர் இன்றும் உண்டு.

அதே ஆண்டு செப்டம்பரில் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில், மெல்லிய புகாட்டி வண்டிகளுக்கு நடுவே தம் கனத்த பெண்ட்லியை ஓட்டி இரண்டாம் இடம் பிடித்தார் பர்கின். பெரிய பந்தயம் எதிலும் புளோவர் முதலிடம் பெறவில்லை. பேஜட்டின் ஆதரவு நின்றது. 1931இல் பெண்ட்லி நிறுவனம் நொடித்து ரோல்ஸ் ராய்ஸின் கைக்குப் போனது. அந்த ஆண்டு பர்கின் ஹோவ் பிரபுவுடன் சேர்ந்து ஆல்ஃபா ரோமியோவில் லெ மானை இரண்டாம் முறை வென்றார். அந்த வண்டியிலும் காற்றழுத்தி இருந்தது! 1932 மார்ச் 24ஆம் நாள் ஒற்றை இருக்கைப் புளோவரில் புரூக்லண்ட்ஸ் தடத்தை மணிக்கு 222 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிச் சாதனை படைத்தார்.

1933 மே மாதம் திரிப்போலி பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். அப்பந்தயத்தின் இடையில் வண்டியின் சூடான புகைக்குழாயில் பட்டு அவருடைய கை வெந்தது. சிறிய காயம்தானே என்று விட்டிருக்கிறார். அதனால் இரத்தம் நஞ்சானதாகச் சிலரும், பழைய மலேரியாவே மீண்டும் தாக்கியதாகச் சிலரும் கூறுவர். ஜூன் 22ஆம் நாள் இலண்டனில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 36. மெர்சிடிஸை விரட்டிய அந்த லெ மான் பந்தயம் முடிந்து சரியாக மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

பர்கின் செய்தது சரியா, தவறா? இயந்திரப் பொறியியல் மாணவன் என்ற முறையில் நான் இதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். 1982இல் பெண்ட்லியின் பெயரிலேயே டர்போ மகிழுந்து வெளிவந்தது. ஆகவே, பர்கினின் எண்ணம் தவறில்லை. ஆனால், காற்றழுத்திக்காகவே வடிவமைக்கப்படாத இயந்திரத்தின் முன்னால் அதைத் தொங்கவிட்டார். அங்கேதான் பெண்ட்லியின் அச்சம் மெய்யானது. மயிலிறகையும் வண்டியின் அச்சையும் வைத்து வள்ளுவப் பெருந்தகை சொன்ன செய்தியும் இதுதானே!

நண்பர்களே, நம் மகிழுந்தில் டர்போ பொருத்தும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பதன்று. நம் இயந்திரம் எவ்வளவு தாங்கும், பிரேக் தாங்குமா, சட்டம் இடம் தருமா என்பவையே. பர்கின் அடைத்து வைத்த பந்தயத் தடத்தில் தம் உயிரைப் பணயம் வைத்தார். பொதுச் சாலையிலோ பிறருடைய உயிர்களும் நம்மோடு பயணம் செய்கின்றன. அவருடைய துணிவை வியப்போம். பெண்ட்லியின் நிதானத்தையும் கற்றுக்கொள்வோம்.