மிக்ஸரில் ஒரு சேனல் போனால் மொத்த வேலையும் நிற்கணுமா? விடை கண்டுபிடித்த பில் புட்னம் யார்?

கழுகுமலையில் பங்குனி உத்திரத்துக்கு மேடை போட்டால், பாடுபவரைவிட அதிக டென்ஷனில் இருப்பவர் மைக்செட்காரராகத்தான் இருப்பார். அவர் முன்னால் இருக்கும் மிக்ஸரில் வரிசை வரிசையாகத் திருகுகள். ஒரு வரிசை பாடகர் மைக்குக்கு, இன்னொன்று தவிலுக்கு, அடுத்தது கீபோர்டுக்கு. ஒரு வரிசையில் சத்தம் கரகரத்தால், வயரைப் பிடுங்கி பக்கத்து வரிசையில் சொருகிவிடுவார். கச்சேரி நிற்காது.

ஒவ்வொரு மைக்குக்கும் தனி வரிசை, அந்த வரிசைக்குள்ளேயே தேவையான எல்லா வசதியும் என்ற இந்த அமைப்புக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர், ஒரு காலத்தில் அமெரிக்காவில் மைக்செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். பெயர் மில்டன் டாஸ்கர் புட்னம். சுருக்கமாக பில் புட்னம்.

ரேடியோ ரிப்பேர் பார்த்த பையன்

1920 பிப்ரவரி 20 அன்று இலினாய் மாகாணத்தின் டான்வில் ஊரில் பிறந்தார் புட்னம். சின்ன வயதிலேயே ரேடியோ பைத்தியம். ஹாம் ரேடியோ உரிமம் வாங்கினார், பழுதான ரேடியோக்களைச் சரி செய்தார், ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விட்டார். வார இறுதியில் நடன இசைக்குழுக்களில் பாடவும் செய்தார். மைக்குக்கு முன்னால் நிற்பவரின் கஷ்டமும், பின்னால் வயரோடு மல்லுக்கட்டுபவரின் கஷ்டமும் அவருக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது இப்படித்தான்.

1946-ல் சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் யுனிவர்சல் ரெக்கார்டிங் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். சீக்கிரமே அது சிகாகோ நகருக்குள் இடம் மாறியது. 1947-ல் ஹார்மோனிகேட்ஸ் குழுவின் மவுத் ஆர்கன் இசையைப் பதிவு செய்தபோது, ஸ்டுடியோ கட்டடத்தின் குளியலறையில் ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் வைத்தார். இசையை உள்ளே அனுப்பி, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை மைக்கில் பிடித்து, அசல் ஒலியோடு கலந்தார். அந்த ரெக்கார்டு 10 லட்சத்துக்கு மேல் விற்றது. பாப் இசையில் எதிரொலியை வேண்டுமென்றே ஓர் அழகாகப் பயன்படுத்திய முதல் பதிவு என்று அதைச் சொல்கிறார்கள்.

மிக்ஸிங் மேசை அப்படி என்னதான் செய்கிறது?

இதைப் புரிந்துகொள்ள கோவில்பட்டிக்கு வரலாம். அங்கே வாழ்ந்த நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம், 1962-ல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்காரவேலனே தேவா' பாட்டில் வாசித்திருக்கிறார். கூடவே எஸ்.ஜானகியின் குரல். நாதஸ்வரம் தெருவைத் தாண்டிக் கேட்கும் வாத்தியம். மனிதக் குரல் அப்படியல்ல. ஆனால் அந்தப் பாட்டில் இரண்டும் சரிசமமாகப் போட்டி போடும். ஒலிப்பதிவில் எது ஓங்கணும், எது அடங்கணும் என்று அளந்து கலப்பதுதான் மிக்ஸிங்.

மேசைக்குள் நடப்பது இதுதான். மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிக மிகச் சிறியது, ஒரு வோல்ட்டில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். முதலில் பிரீஆம்ப் அதைப் பெரிதாக்கும். சில நேரம் 1,000 மடங்குகூடத் தேவைப்படும். அடுத்து ஈக்வலைசர், கனமான ஒலியையும் கூர்மையான ஒலியையும் கூட்டும் அல்லது குறைக்கும். பிறகு கொஞ்சம் ஒலியைப் பிரித்து எதிரொலிக்கு அனுப்பும் வழி. கடைசியில் சத்த அளவைத் தீர்மானிக்கும் திருகு.

இப்படி எல்லா மைக்கிலிருந்தும் வரும் ஒலி சேரும் பொது வழிக்கு 'பஸ்' என்றே பெயர். கோவில்பட்டி டவுன் பஸ் மாதிரிதான். வழியில் நிற்கும் எல்லோரையும் ஏத்திக்கிட்டு ஒரே இடத்தில் கொண்டுபோய் இறக்கும்.

அன்று இருந்த சிக்கல் என்ன?

1950-களில் பாடகரும் முழு இசைக்குழுவும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். டேப்பில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று டிராக்தான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. எல்லோருக்கும் நேரக் கணக்கில் சம்பளம். மேசையில் ஒரு வால்வு போனால், 30, 40 கலைஞர்கள் சும்மா உட்கார்ந்திருக்க, காசு கரைந்துகொண்டே இருக்கும்.

அன்றைய பல மேசைகள் அந்தந்த ஸ்டுடியோவுக்கென்றே கையால் வயர் இழுத்துச் செய்யப்பட்டவை. பிரீஆம்ப் ஒரு பக்கம், ஈக்வலைசர் இன்னொரு பக்கம், நடுவில் சிக்கலான வயர்கள். கழுகுமலையின் வெட்டுவான் கோவிலை நினைத்துப் பாருங்கள். பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய அற்புதம் அது. ஆனால் ஒரு இடத்தில் உளி தவறினால், அந்தக் கல்லை மட்டும் எடுத்துவிட்டு வேறு கல் வைக்க முடியாது. பழைய மேசைகளின் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

610: கழட்டினால் போதும்

1957-ல் புட்னம் ஹாலிவுட் போனார். சன்செட் பொலிவார்டில் யுனைடெட் ரெக்கார்டிங் ஸ்டுடியோவைத் தொடங்கினார். பக்கத்திலிருந்த வெஸ்டர்ன் ஸ்டுடியோவும் பின்னர் அவர் கைக்கு வந்தது. அங்கே பயன்படுத்த, 1960 வாக்கில் தன் யுனிவர்சல் ஆடியோ நிறுவனத்தின் மூலம் 610 என்ற மாட்யூலை உருவாக்கினார்.

ஒரு மைக்குக்குத் தேவையான பிரீஆம்ப், ஈக்வலைசர், எதிரொலி அனுப்பும் திருகு, சத்தத் திருகு எல்லாம் ஒரே சின்னப் பெட்டிக்குள். மேசை என்பது வெறும் சட்டகம், கரண்ட் சப்ளை, பஸ். அவ்வளவுதான். 8 மைக் வேண்டுமா, 8 பெட்டி. 12 வேண்டுமா, இன்னும் 4 பெட்டி. ஒன்று பழுதானால் கழட்டிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு பதிவைத் தொடரலாம். கெட்டுப்போனதை ராத்திரி மெதுவாகச் சரி பண்ணிக்கலாம்.

கழட்டி மாட்டும் ஆம்ப்ளிஃபயர்கள் ரேடியோ நிலையங்களில் அதற்கு முன்பே இருந்தன. ஒரு சேனலின் மொத்த வேலையையும், அதன் திருகுகளோடு சேர்த்து ஒரே பெட்டியில் அடக்கியதுதான் புட்னத்தின் சாமர்த்தியம். ஃபிராங்க் சினாட்ரா அவர் ஸ்டுடியோவில் பாடினார். பீச் பாய்ஸ் குழுவின் 1966 ஆல்பமான 'பெட் சவுண்ட்ஸ்' பெரும்பாலும் வெஸ்டர்ன் ஸ்டுடியோவில், 610 மேசை வழியாகத்தான் பதிவானது.

மாட்யூலர் என்றால் பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது. பெட்டிகள் கூடக்கூட கனெக்டர்கள் கூடும். கனெக்டரில் தூசி ஏறினால் ஒலி விட்டுவிட்டு வரும். கரிசல் காட்டுப் புழுதியில் மிக்ஸர் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எர்த் வயரை ஒழுங்காகத் திட்டமிடாவிட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் நிற்காது. ஒவ்வொரு சேனலும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் பஸ்ஸில் ஏற்றும். அதனால்தான் சொந்தமாக அனலாக் மேசை கட்டுபவர்கள் முதலில் சட்டகம், கரண்ட் சப்ளை, எர்த் மூன்றையும் முடிவு செய்துவிட்டு, பெட்டிகளுக்குப் பிறகு வருகிறார்கள்.

இன்னொரு துணிச்சல்

1950-களின் கடைசியில் இசை நிறுவனங்களுக்கு ஸ்டீரியோவில் பெரிய நம்பிக்கை இல்லை. மோனோ போதும் என்று இருந்தார்கள். புட்னம் மட்டும் அதே நிகழ்ச்சியைத் தன் சொந்தச் செலவில் ஸ்டீரியோவிலும் தனியாகப் பதிந்து வைத்தார். ஸ்டீரியோ ரெக்கார்டுகளுக்குக் கிராக்கி வந்ததும், நிறுவனங்கள் அவரிடமே வந்து காசு கொடுத்து அந்த டேப்புகளை வாங்கின.

1960-களின் பிற்பகுதியில், சத்தம் திடீரென எகிறாமல் பிடித்துவைக்கும் 1176 லிமிட்டரை வடிவமைத்தார். வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டரில் ஓடிய அந்தக் கருவியின் மென்பொருள் நகல்களை இன்றைக்கும் லேப்டாப்பில் பாட்டு மிக்ஸ் செய்பவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

1989 ஏப்ரல் 13 அன்று, 69 வயதில் புட்னம் காலமானார். 10 ஆண்டுகள் கழித்து, 1999-ல் அவருடைய மகன்கள் யுனிவர்சல் ஆடியோ பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். 610-ன் பழைய வால்வு சர்க்யூட்டை அடிப்படையாக வைத்த பிரீஆம்ப்கள் இப்போதும் புதிதாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. 2000-ல் தொழில்நுட்பப் பங்களிப்புக்கான கிராமி விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.